மேடேறும் சுருதி

மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் உடைந்தது. வாத்தியங்கள் ஒரு பக்கம் போயின, பாடகர்கள் ஒரு பக்கம் போனார்கள். எழுபது வாத்தியமும் அறுபத்திரண்டு தொண்டையும் முட்டிக்கொண்ட சத்தத்தில் மண்டபத்து ஜன்னல் மேட்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள்கூட எழுந்து இடம் மாறின. டிர்க் ஃபூரி கையிலிருந்த குச்சியைத் தாழ்த்தினார். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் அவர்தான்.

"கோரஸ் சுருதி தப்புது," என்றார். "மறுபடியும்."

மூன்றாம் வரிசை நாற்காலியில் நோமலாங்கா ஷேஸி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்பது வயது, டர்பன் நகரத்துக்கு வெளியே குவாமாஷுவில் பள்ளிக்கூட டீச்சர். மடியில் இருந்த இருபத்தாறு பக்கமும் அவள் எழுதியது. இப்போது உடைந்து கிடந்த பாட்டு அவளுடையது. மேடையில் நின்ற அறுபத்திரண்டு பேரும் அவள் பதினான்கு மாதம் கண்ணில் விரலை விட்டு ஆட்டித் தயார் செய்த ஆட்கள். நர்ஸ், பஸ் டிரைவர், மூன்று தையல்காரிகள், ஒரு போலீஸ்காரன், மற்றவர்களெல்லாம் ஃபாக்டரி. அவர்கள் தப்பவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுந்து சொல்லத்தான் நாக்கு வரவில்லை.

குவாமாஷுவில் யாரும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களைப் போல ஐந்து கோடு கிழித்து முட்டை வரைந்து பாட்டு எழுதுவதில்லை. டோ, ரே, மீ என்று எழுத்தாகவே எழுதுவார்கள். நம் பாட்டுக்காரர்களுக்கு ஸ, ரி, க எப்படியோ அப்படித்தான். டோவை எங்கே வைக்கிறோமோ அங்கிருந்து பாட்டு கிளம்பும். பாதிரிமார் கொண்டுவந்த எழுத்து அது. பாதிரிமார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எழுத்து தங்கிவிட்டது. அதிலேயே நான்கு குரல் பாட்டு, அதிலேயே போட்டி, அதிலேயே அடிதடி. மூன்று தலைமுறையாக இந்த ஊர்க் கறுப்பு மனிதர்கள் பெரிய பெரிய பாட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள், எல்லாம் குரலுக்கு. வாத்தியத்துக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்கிற புத்திசாலிகளும் உண்டு. வாத்தியம் வைத்திருந்த மண்டபத்தின் வாசற்படியை யார் இவர்களை மிதிக்க விட்டார்கள் என்று அந்தப் புத்திசாலிகளிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இப்போது வெள்ளைக்காரர் ஆட்சி போய்க் காலம் மாறிவிட்டது. டர்பனில் தெருப் பெயர்ப் பலகைகளைக்கூட மாற்றலாமா என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் திடீரென்று ஞானோதயம் வந்து, குவாமாஷுவிலிருந்து ஒரு புதுப் பாட்டும் கோரஸும் வேண்டும் என்று கடிதம் போட்டது. நோமலாங்கா பதினொரு வருஷமாக எழுதிவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். வயலினுக்கு இன்னது, செல்லோவுக்கு இன்னது, ஹார்னுக்கு இன்னது என்று எல்லாவற்றையும் டோ ரே மீயிலேயே எழுதியிருந்தாள். அதை ஐந்து கோட்டுக்கு மாற்றி எழுதும் வேலை மட்டும் ஜோஹன்னஸ்பர்க்கில் பெல் என்பவரிடம் போனது.

நான்காவது முறையும் முட்டிக்கொண்டதும் அவள் எழுந்து மேடைக்குப் போனாள்.

"மிஸ்டர் ஃபூரி, என் ஆளுங்க சரியாத்தான் பாடறாங்க. இந்த இடத்துல சுருதி மூணு படி ஏறணும். உங்க வாத்தியம் ஏறாம அங்கேயே நிக்குது."

வயலின் பக்கம் யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஃபூரி சிரிக்கவில்லை. கெட்ட மனுஷரில்லை அவர், அவசரக்காரர், அவ்வளவுதான். அவள் தாளையும் தன் பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவள் தாளில் டோ மேலே ஏறியிருந்தது. அவர் பிரதியில் ஏறவில்லை. ஓரத்தில் பெல் பென்சிலில் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தார். யோசிக்காமல் வாய்விட்டுப் படித்தும்விட்டார்.

"இந்த உயரம் இந்தக் குரல்களுக்கு எட்டாது. ஆகவே சுருதியை ஏற்றாமல் விட்டிருக்கிறேன்."

படித்து முடித்ததும் அவர் முகம் சிவந்தது. மேல் குரல் வரிசையின் நடுவில் நின்ற நர்ஸ் குகுலேத்து, இப்போதுதான் நான்கு முறை அந்த உயரத்துக்குப் போய் வந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எட்டாதுன்னு யாரக் கேட்டு எழுதினாராம்?"

"அவர் செஞ்சது தப்பு. ஒத்துக்கறேன்," என்றார் ஃபூரி. "ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கச்சேரி. நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம்தான் ஒத்திகை பாக்கி. எழுபது பேர் பிரதிய அதுக்குள்ள யாரு மாத்தி எழுதறது?" குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "மிஸஸ் ஷேஸி, உங்க ஆளுங்களுக்கு சுருதி மாத்தறது ஒண்ணுமே இல்ல. டோவ எங்க வெச்சாலும் பாடிடுவாங்க. எங்க ஆளுங்களாலதான் முடியாது. நீங்க இறங்கி வந்துடுங்களேன். மூணு நிமிஷம்தான."

"இறங்கலன்னா?"

"இந்தப் பாட்ட எடுத்துட்டு, எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய துதிப்பாட்டு ஒண்ணப் போட்டுடலாம். வேற வழி எனக்குத் தெரியல."

அவர் சொன்னது பொய்யுமில்லை. டோவைக் கீழே வைத்துக் காட்டினால் அறுபத்திரண்டு பேரும் அடுத்த நிமிஷமே கீழே பாடுவார்கள். ஒருவருக்கும் ஒரு எழுத்துகூட மாறாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முடியாதவர்களுக்காக முடிந்தவர்கள் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு பார்க்கிறவர்களுக்கு எட்டாதவர்களாகத் தெரியப்போவது யார்?

இடைவேளையில் கோரஸ் முழுவதும் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து, பாதி ரொட்டியைக் குடைந்து அடைத்த பீன்ஸ் கறியைத் தின்றது. கீழ்க்குரல்காரர்களுக்குத் தலைவன் பெகுமூஸி. பஸ் டிரைவர். இந்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான். நோமலாங்காவோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். சமாதானமாக இருந்தால் டீச்சர் என்பான், இல்லாவிட்டால் நோமா என்பான்.

"இறங்கிடலாம் டீச்சர்," என்றான். "மொதல்ல பாட்டு மேடையேறட்டும். அடுத்த வருஷம் ஏத்திக்கலாம்."

"அடுத்த வருஷம் கூப்பிடுவாங்கன்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தது?"

"கூப்பிடாட்டி போறாங்க. இந்த வருஷம் பேப்பர்லயாவது பேர் வரும்ல?"

"அண்ணே, நீங்க கிணத்துக்குள்ள உக்காந்துகிட்டு பாடற ஆளு," என்றாள் குகுலேத்து. "எட்டாதுன்னு அந்த ஆள் எழுதினது என் தொண்டையப் பத்தி. உங்களுக்கு என்ன வலிக்கப் போகுது?"

"நீ பேசாம ரொட்டியத் தின்னு."

நோமலாங்கா தன் ரொட்டியைத் தொடவில்லை. "பெகு," என்றாள். "அந்த லாரில நீயும் இருந்தல்ல?"

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பாட்டே அந்த லாரியைப் பற்றியதுதான். டர்பனுக்குள் இருந்த காட்டோ மேனரில் வீடுகளை இடித்து, ஜனங்களைச் சட்டி பானையோடு அரசாங்க லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே குவாமாஷுவில் கொண்டுபோய்க் கொட்டிய நாட்கள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஒன்பது.

"நீ ஒரு கோழியக் கட்டிப்புடிச்சுகிட்டு அழுதுகிட்டிருந்த," என்றாள்.

"கோழி எங்களுதே இல்ல. யாருதோ. சாகறவரைக்கும் அதத் திருப்பிக் கேட்டு ஒருத்தரும் வரல."

"எங்கம்மா பாட ஆரம்பிச்சா. எல்லாரும் சேந்துகிட்டாங்க. மேடு வந்தப்போ எஞ்சின் முக்கிக்கிட்டு நின்னுடற மாதிரி ஆச்சு. அப்போ எங்கம்மா என்ன பண்ணினா?"

பெகுமூஸி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"ஏத்தினாங்க," என்றான்.

"மூணு படி. லாரியத் தள்ளிவிடற மாதிரி. அதத்தான் நான் எழுதினேன். நாளான்னிக்கு அந்த எடத்துல நான் இறக்கிப் பாடினா, எங்கம்மா ஏத்தவே இல்லன்னு இந்த ஊர் முன்னால நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

குகுலேத்துதான் கேட்டாள். "ஏன் டீச்சர், லாரில வயலின் இருந்துச்சா என்ன?"

விளையாட்டாகக் கேட்டதுதான். நோமலாங்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து நேராக உள்ளே போனாள்.

"வாத்தியம் வேண்டாம்," என்று ஃபூரியிடம் சொன்னாள். "லாரி வர்ற மூணு நிமிஷமும் நீங்க எல்லாரும் சும்மா இருங்க. நாங்க குரல்லயே ஏறிப் பாடி, நாங்களே பழைய சுருதிக்கு இறங்கி வர்றோம். அங்க ஹார்ன் வந்து சேந்துக்கட்டும். யாரும் ஒரு வரிகூட மாத்தி எழுத வேண்டாம்."

ஃபூரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியம் இல்லாம மூணு நிமிஷம் பாடின கோரஸ் எதுவும் சுருதில நின்னதில்ல. கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். ஹார்ன் வரும்போது மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் மொத்த மண்டபத்துக்கும் தெரிஞ்சு போயிடும்."

"நாங்க இறங்க மாட்டோம்."

"நாளைக்குக் காலைல பாத்துடலாம்," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை பார்த்தார்கள். அந்த மூன்று நிமிஷத்தை நோமலாங்காவே நடத்தினாள். குரல்கள் ஏறின, மேட்டைத் தாண்டின, பழைய சுருதி என்ற வீட்டுக்குத் திரும்பி வந்தன. ஹார்ன்காரர் கிரிஃபித்ஸ், மீசை நரைத்த மனிதர், வேலை இல்லாத நேரமெல்லாம் குறுக்கெழுத்துப் போடுகிறவர், பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் தன் சுருண்ட பித்தளைக் குழலைத் தூக்கி ஊதினார். ஊதியதும் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். சேரவில்லை. ஆனால் கோரஸ் கீழே இல்லை, மேலே இருந்தது.

"நாப்பது வருஷமா வாசிக்கறேன்," என்றார் கிரிஃபித்ஸ். "சுருதி ஏறின கோரஸ இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இன்னொரு முறை பாடினார்கள். இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றாவதற்கு நேரமில்லை. ஃபூரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தீர்மானம் உங்களோடது. ராத்திரிக்குள்ள ஃபோன்ல சொல்லுங்க. நாளைக்குச் சேரலன்னா அது பேப்பர்ல வரும். அதுக்கப்புறம் குவாமாஷுலேர்ந்து இன்னொருத்தர் பாட்ட இந்த மேடைல போடுங்கன்னு கமிட்டிகிட்ட என்னால வாதாட முடியாது. மிரட்டறதா நினைக்காதீங்க. நடக்கப் போறதச் சொல்றேன்."

தன் பாட்டு ஒன்று போனால் போகட்டும். பின்னால் வரப்போகிறவர்களின் கதவையும் சேர்த்துச் சாத்திவிட்டு வந்தவள் என்ற பெயர் வருமே!

உலகத்துக் கோரஸ் எல்லாம் களைத்து இறங்கும். குவாமாஷுக் கோரஸ் குஷியில் ஏறும். அவர்களுக்கு இது வியாதி என்றே தெரியாது. போட்டி மேடையில் வாத்தியம் ஏது? எங்கே ஆரம்பித்தார்கள், எங்கே முடித்தார்கள் என்று யார் அளந்து பார்த்தார்கள்? ஜனங்கள் குலவை போட்டால் கால் படி ஏறும். எதிர்க் கோஷ்டியைப் பார்த்தால் இன்னொரு கால் படி. ஏறியவர்களுக்குத்தான் கோப்பையும் கிடைக்கும். அங்கே கோப்பை வாங்கிய கோரஸ்களில் பாதி, கிளம்பிய வீட்டுக்குத் திரும்பாமல் மாடிக்குப் போய் உட்கார்ந்தவைதான்.

மத்தியானம் பள்ளிக்கூடக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து முறை பாடினார்கள். ஒவ்வொரு முடிவிலும் நோமலாங்கா இசைக்கவையை மேஜையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தாள். ஐந்து முறையும் மேலேதான்.

"காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?" என்று கத்தினாள். "ஊருக்குப் போன்னா ஊரத் தாண்டிப் போறீங்க."

கோரஸ் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பெகுமூஸி தொண்டையைக் கனைத்தான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"ஏத்தறது நீதான், நோமா."

"நானா? நான் வாயே தொறக்கல."

"குதிகாலத் தூக்கற. லாரி மேட்டுக்கு வந்ததும் ஒன் குதிகால் ரெண்டும் தரைய விட்டுடுது. கடைசி வரைக்கும் எறங்கறதே இல்ல. நீ எக்கினா நாங்களும் எக்கறோம். ஒன்னத்தான பாத்துகிட்டு நிக்கறோம்?"

அவள் நம்பவில்லை. குகுலேத்துவைப் பார்த்தாள். குகுலேத்து உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். போன கிறிஸ்துமஸ் விருந்தில், டீச்சர் சமையலறைக்குப் போயிருந்த நேரத்தில், போலீஸ்காரன் அவளைப் போலவே கட்டைவிரலில் நின்று நடித்துக் காட்டி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. அறுபத்திரண்டு பேருக்குத் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. பதினான்கு மாதமாக ஒருத்தராவது சொன்னார்களா என்றால், டீச்சரிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்?

அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு செருப்பையும் கழற்றிச் சுவரோரம் எறிந்தாள். வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் அழுத்தி ஊன்றி நின்றுகொண்டு, "பாடுங்க," என்றாள்.

ஆறாவது முறை, கவையும் குரலும் ஒன்றாக நின்றன. ஏழாவது முறை, குகுலேத்து மேலே போனபோது நோமலாங்காவுக்கே உடம்பு சிலிர்த்து ஒரு குதிகால் எழும்பிவிட்டது, கோரஸும் எழும்பிவிட்டது. எட்டாவது முறை சேர்ந்தது. எட்டில் இரண்டு. அதற்குமேல் பாடினால் நாளைக்குக் குரல் இருக்காது.

பொழுது சாய்வதற்குள் ஃபூரிக்கு ஃபோன் செய்தாள். "பாடறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குவாமாஷுவிலிருந்து பதினொரு பஸ் வந்தது. அந்த மண்டபத்துக்குள் அந்த ஜனங்கள் ஒரு காலத்தில் விளக்குமாறும் வாளியுமாக மட்டுமே போயிருக்கிறார்கள், அதுவும் பின்வாசல் வழியாக. அன்றைக்குக் கல்யாண வீட்டுக்கு வருவதைப் போலத் தொப்பியும் பட்டுமாக முன்வாசல் வழியே வந்து, டிக்கெட்டை நீட்டி, மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்களிடம் குடும்ப சௌக்கியம் விசாரித்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் பகுதி ஃபூரியின் கையில். செல்லோக்கள் அடிவயிற்றிலிருந்து உறுமின. தான் எழுதியது வாத்தியத்தில் எப்படி ஒலிக்கும் என்று நோமலாங்கா பதினொரு வருஷம் மனசுக்குள்ளேயே கேட்டிருந்தாள். நிஜத்தில் அது அதைவிட நன்றாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லி ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லை. நன்றாக எழுதியிருக்கிறோம் என்று நினைத்தாள்.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஃபூரி குச்சியை வைத்துவிட்டு இறங்கி ஒதுங்கி நின்றார். அவள் மேடைப் பலகைமேல் ஏறினாள். காலில் தட்டைச் செருப்பு. இரண்டு குதிகாலையும் ஊன்றிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

லாரி கிளம்பியது. கீழ்க்குரல்கள் எஞ்சினைப் போல ஒரே நிலையில் முனக, நடுக்குரல்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தன. இடிபட்ட தெருக்களின் பெயர்கள். மேடு வந்தது. சுருதி மூன்று படி ஏறியது. குகுலேத்துவின் வரிசை அந்தப் பென்சில்காரர் எட்டாதென்று எழுதிய இடத்துக்குப் போய், போன வேகத்தில் திரும்பாமல் அங்கேயே நின்றது. அலட்சியமாக நின்றது.

அப்போது பால்கனியில் ஒரு கிழவி குலவை போட்டாள். அந்த லாரிகளில் வந்தவள்தான். வேறு யாருக்கு அந்த இடத்தில் குலவை வரும்? இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். பிறகு கீழே, பிறகு மண்டபம் முழுவதும். அறுபத்திரண்டு முகத்திலும் அந்தக் குஷி ஏறுவது தெரிந்தது. ஊரே கூப்பிடுகிறது, ஏறு ஏறு என்கிறது. அவளுடைய குதிகால் துடித்தது. அம்மா அங்கேதான் எங்கோ பாடிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. எழும்பாமல் எப்படி நிற்பது?

நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெகுமூஸியைப் பார்த்தாள். அவன் கண் அவள் முகத்தில் இல்லை, கால்களில் இருந்தது. பஸ்ஸை இறக்கத்தில் பிடித்து நிறுத்துகிறவனைப் போல அந்த ஒற்றை ஸ்வரத்தை அசையாமல் பிடித்திருந்தான். மற்றவர்களின் குரல்கள் அதன்மேல் வந்து உட்கார்ந்தன. மேடு முடிந்தது. லாரி இறங்கியது. குரல்கள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வீட்டு வாசலில் நின்றன.

அவள் கிரிஃபித்ஸைப் பார்த்தாள். அவர் குழலை உதட்டில் வைத்தார்.

ஹார்ன் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குரலுக்கு அடியில் ஏதோ சூடு பரவியதைப் போல இருந்தது, அவ்வளவுதான். அறுபத்திரண்டு குரல் அறுபத்து மூன்றாகிவிட்டது. மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. ஃபூரி நம்ப முடியாமல் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு ஓடிவந்து அவள் இறங்குவதற்குள் பலகையில் ஏறி, எழுபது வாத்தியத்தையும் மொத்தமாக உள்ளே இழுத்தார். நோமலாங்கா அழுகை வரும் என்று நினைத்துக் கைக்குட்டை கொண்டுவந்திருந்தாள். வந்ததென்னவோ சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்று சிரித்தாள். எட்டாததா இது, எட்டாததா என்று உள்ளுக்குள் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

முடிந்த பிறகு நடந்தது நகரத்து மண்டபத்துக்குப் பழக்கமில்லாதது. ஜனங்கள் கை தட்டியதோடு நிற்காமல் நாற்காலிகளுக்கு நடுவில் இறங்கி ஆடினார்கள். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரையும் இழுத்துவிட்டார்கள். அவர் தப்புத் தப்பாக ஆடினார். "லாரி! லாரி!" என்று பால்கனி கேட்டது. குவாமாஷுவில் பிடித்த பாட்டை ஒரு தடவையோடு விடுகிற வழக்கமில்லை. ஃபூரி அவளைப் பார்த்துக் கையை விரித்து, பலகையைக் காட்டினார்.

இரண்டாவது முறை கோரஸ் மட்டும் பாடவில்லை. மண்டபமே பாடியது. மேடு வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏறுகிறது என்று. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் கழித்து அந்த மேட்டில் ஏறும்போது போதும் நில்லுங்கள் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை. வீட்டுக்கு இறங்கி வந்தபோது அரைப் படி உயரத்தில் இருந்தார்கள். அவள் கிரிஃபித்ஸைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கிரிஃபித்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்ன்காரர்கள் பழைய பிரதிகளோடு மாரடித்து, எழுதியிருப்பது ஒன்றும் ஊதுவது ஒன்றுமாகச் சுருதி மாற்றப் பழகியவர்கள். அவர் முன்னால் இருந்த தாளை மூடினார். குழலைத் தூக்கி, அவர்கள் நின்ற அந்த அரைப் படி உயரத்திலேயே வந்து சேர்ந்தார்.

குகுலேத்து பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கோரஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஃபூரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகவே நின்றார். மற்ற அறுபத்தொன்பது பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.